இரண்டு கம்பியும் ஒரு டம்ளர் தண்ணீரும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கேட்கத் தவறியவர்களுக்காக எழுத்தில்.)

தலைவர் சார் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அடுத்த பொதுக்குழுவில் நம் 48 வீடுகளுக்கும் சேர்த்து ஒரு பொது ஆர்ஓ போடுவதா வேண்டாமா என்று ஓட்டெடுக்கப் போகிறோம். அதற்கு முன்னால் தண்ணீரை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒருவர் சொன்னால் நல்லது என்றார்கள். மில்லில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

மேசையில் இருக்கும் இந்த டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி என்னுடையது இல்லை. நம் பி பிளாக் பிள்ளைகள் இரண்டு பேர், எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிப்பவர்கள், கல்லூரி புராஜெக்டுக்காகச் செய்தது. பரீட்சை முடியும் வரை பெயர் சொல்லிப் பாராட்டாதீர்கள் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதனால் பெயர் சொல்லவில்லை. இதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டிருப்பவர்கள்தான்.

முதலில் ஒரு வேடிக்கை. உங்களில் பலர் இதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். வாட்டர் பியூரிஃபையர் விற்க வருபவர் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். நான்கு கம்பி உள்ள ஒரு கருவியை இரண்டு டம்ளரிலும் இறக்கி, கரண்டில் சொருகுவார். இரண்டே நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, சாக்கடை மாதிரி ஆகிவிடும். அவருடைய தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே இருக்கும். "இதைத்தான் மேடம் குழந்தைக்குக் கொடுக்கிறீங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் வியாபாரம் முடிந்துவிடும்.

இப்போது தம்பிகள் அதையே செய்கிறார்கள், கொஞ்சம் மாற்றி. வீட்டுக் கரண்டு இல்லை, பேட்டரி. கரண்டில் சொருகும் அந்தக் கருவியை நீங்கள் கையில் தொடவே வேண்டாம், ஆபத்தானது. இந்த டம்ளரில் ஆர்ஓ தண்ணீர். கம்பியை விட்டாயிற்று. ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள். இப்போது இரண்டு விரலில் எடுத்த சமையல் உப்பு, ஒரே சிட்டிகை, போடுகிறார். கலக்குகிறார். மறுபடி கம்பி. கொஞ்சம் பொறுங்கள், பேட்டரி என்பதால் மெதுவாகத்தான் வரும். வந்துவிட்டது. அதே பழுப்பு. அதே சாக்கடை.

உப்பு போட்டதால் தண்ணீரில் அழுக்கு வந்துவிட்டதா? இல்லை. அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் நேர்முனையில் இருக்கும் இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகும். அது முதலில் பச்சையாகத் தெரியும், காற்றுப் பட்டதும் துருவின் நிறத்துக்கு மாறும். வாளியின் அடியில் பிடிக்கும் துருதான், வேறொன்றுமில்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாயவில்லை, இரும்பு கரையவில்லை, அதனால் தெளிவாக நின்றது. இரும்புக்குப் பதிலாகப் பழைய டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கார்பன் குச்சியைப் போட்டால் நம் குழாய்த் தண்ணீரிலும் குமிழி மட்டும்தான் வரும், நிறம் வராது. கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து செய்து பார்க்கலாம்.

இந்த வேடிக்கையை எதற்கு முதலில் காட்டச் சொன்னேன் என்றால், தம்பிகளின் பெட்டிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இரண்டு கம்பி, தண்ணீர், மின்சாரம். அங்கே பயமுறுத்தப் பயன்பட்டது இங்கே அளக்கப் பயன்படுகிறது. கம்பிகளுக்கு இடையே எவ்வளவு எளிதாக மின்சாரம் பாய்கிறது என்று பார்த்தால் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மதிப்பிடலாம். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் ஒரு கிராம் சமையல் உப்பு போட்டால் கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், 1000 மில்லிகிராம். இந்த மீட்டரும் அதை ஒட்டித்தான் காட்டும். கடல் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். மழைத் தண்ணீரில் சில பத்து மில்லிகிராம் இருந்தாலே அதிகம்.

இங்கே மில்லில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாய்லர் ஓடும் இடத்தில் இது தினசரி வேலை. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும், நாளாக ஆகச் செறிந்துகொண்டே போகும். மீட்டரில் அளவு ஏறினால் அடிவால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். அங்கே அந்த ஒரு எண் போதும், ஏனென்றால் பாய்லருக்கு உப்பைப் பற்றித்தான் கவலை. மனுஷனுக்கு உப்பு மட்டுமா கவலை?

தம்பி, அந்தச் சர்க்கரையைக் காட்டுங்கள். நல்ல தண்ணீர் ஒரு டம்ளர். மீட்டர் என்ன காட்டுகிறதோ பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கரைத்தாயிற்று. குடித்தால் பாயசம். மீட்டரைப் பாருங்கள், அசையவே இல்லை. கரைந்தது திடப்பொருள்தான், டிடிஎஸ் என்ற பெயரின்படி எண் ஏறியிருக்க வேண்டும். ஆனால் சர்க்கரை தண்ணீரில் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் இந்தக் கம்பிகளுக்குச் சர்க்கரை தெரியாது. அதே மாதிரி பூச்சிமருந்து தெரியாது. எண்ணெய் தெரியாது. கிருமி தெரியவே தெரியாது. மீட்டரில் 80 என்று காட்டும் தண்ணீரில் காமாலைக் கிருமி இருக்கலாம். 900 காட்டும் கிணற்றுத் தண்ணீரை நம் பாட்டிமார் ஆயுசுக்கும் குடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வாட்ஸ்அப் குழுவில் டிடிஎஸ் எண்களைப் போட்டுப் போன மாதம் ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஏ பிளாக்கில் 500, சி பிளாக்கில் 700, ஒரே தொட்டித் தண்ணீர், அதெப்படி என்று. மீட்டர் நேராக உப்பை அளப்பதில்லை. மின் கடத்துதிறனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில கம்பெனி மீட்டரில் அந்த எண் 0.5, சிலவற்றில் 0.7. கடத்துதிறன் 1000 மைக்ரோ சீமென்ஸ் உள்ள ஒரே தண்ணீர் ஒன்றில் 500 என்றும் மற்றதில் 700 என்றும் காட்டும். இருவர் சொன்னதும் சரிதான். அதோடு, தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். காலையில் பிடித்த தண்ணீருக்கும், மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சூடாக வரும் தண்ணீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 20 சதவீதம் போய்விட்டது. நல்ல மீட்டர் சூட்டையும் அளந்து அதைத் திருத்திக்கொள்ளும். தம்பிகளின் பெட்டியில் அதற்குத் தனி வெப்பநிலை உணரி இருக்கிறது, இந்த எஃகுக் குச்சி.

இவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம். கம்பிகளுக்கு ஒரே திசையில் மின்சாரம் கொடுத்தால் முதலில் பார்த்த வேடிக்கை தொடங்கிவிடும். கம்பி அரிக்கும், அதன்மேல் வாயுக் குமிழி ஒட்டும், அளவு ஓடிக்கொண்டே போகும். அதனால் நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். கம்பிக்கும் எஃகுதான், ஆனால் துருப்பிடிக்காத எஃகு. விற்பனையாளரின் கருவிக்கும் அளவுக்கருவிக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

பெட்டியின் மற்ற பகுதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கலங்கலை அளக்க ஒரு எல்இடி விளக்கும், அதற்குச் செங்கோணத்தில் ஒரு ஒளி உணரியும். தண்ணீரில் தூசு இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் சிதறும். சினிமாத் தியேட்டரில் புரொஜெக்டர் வெளிச்சக் கற்றையில் தூசு தெரிவது போல. குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, கலங்கல் 1 அலகுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 5 வரை போகலாம் என்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கலங்கல் உணரி பெரும்பாலும் வாஷிங் மெஷினுக்காகச் செய்தது. அதற்கு ஆயிரக்கணக்கில் அளக்கத் தெரியும், 1-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியாது. தம்பிகளே தங்கள் ரிப்போர்ட்டில் "இது குடிநீர்த் தீர்ப்புக்குப் பயன்படாது" என்று எழுதியிருக்கிறார்கள். கல்லூரியில் அதற்கு மார்க் குறைப்பார்களோ என்னவோ, நானாக இருந்தால் கூட்டிப் போடுவேன்.

அடுத்தது இந்தச் செம்பு நாடா. பிவிசி குழாயின் வெளிப்பக்கம் இரண்டு பட்டை ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீரைத் தொடவே இல்லை. குழாய்க்குள் காற்று இருக்கிறதா, எண்ணெயா, தண்ணீரா என்று சொல்லிவிடும். மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் தன்மை காற்றுக்கு 1 என்று வைத்தால் எண்ணெய்க்கு ஏறக்குறைய 3, தண்ணீருக்கு 80. அவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் ஏமாறாது. மூன்று பாட்டில் இங்கே இருக்கிறது, காலி ஒன்று, தேங்காயெண்ணெய் ஒன்று, தண்ணீர் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு மாற்றி வைத்தாலும் பெட்டி சரியாகச் சொல்லும். குழந்தைகள் வந்து விளையாடலாம். நமக்கு இதில் உருப்படியான உபயோகம் சம்ப்பின் மட்டம் பார்ப்பது. ஒலி அலை விட்டு மட்டம் பார்க்கும் கருவியைப் பலர் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் மூடிய தொட்டிக்குள் ஆவி படிந்து அதன் முகத்தில் துளி நின்றால் தாறுமாறாகக் காட்டும். வெளியே ஒட்டும் பட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது பெரிய கேள்வி. கையடக்கக் கருவியால் விஷத்தையும் கிருமியையும் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் ஊரில் 2014-இல் செலவைக் குறைக்கத் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். புதுத் தண்ணீர் பழைய ஈயக் குழாய்களை அரித்து, வீடுகளுக்குள் ஈயம் வந்தது. பார்க்கத் தெளிவான தண்ணீரிலும் ஈயம் இருக்கும். அந்தச் செய்தியைப் பார்த்த கீதாஞ்சலி ராவ் என்ற இந்திய வம்சாவளிச் சிறுமி, கார்பன் நுண்குழாய்களில் ஈயம் ஒட்டினால் அதன் மின்தடை மாறும் என்ற கருத்தை வைத்து ஒரு கருவி செய்தாள். முடிவு போனுக்கு வரும்படி அமைத்தாள். டெதிஸ் என்று பெயர். 2017-இல் அமெரிக்காவின் இளம் விஞ்ஞானி போட்டியில் முதல் பரிசு. அப்போது வயது 11. அவள் 'தண்ணீர் நல்லதா' என்று கேட்கவில்லை, 'ஈயம் இருக்கிறதா' என்று மட்டும் கேட்டாள். அதனால்தான் பதில் கிடைத்தது. நம் தரத்தில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். டிடிஎஸ் மீட்டரின் கடைசி இலக்கம் ஒரு மில்லிகிராம். நூறு மடங்கு வித்தியாசம். எப்படித் தெரியும்?

கிருமிக்கு நம் நாட்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள், மின்சாரமே இல்லாமல். குவாலியரில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூவர் 1982-இல் வெளியிட்டது. ஒரு சின்னப் பாட்டிலுக்குள் மருந்து தடவிய காகிதம் இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, அறைச் சூட்டில் வைத்துவிட வேண்டும். மலக்கழிவு கலந்த தண்ணீரில் இருக்கும் சில பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும், அது காகிதத்தில் இருக்கும் இரும்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பாகும். ஒன்றிரண்டு நாளில் பாட்டில் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கறுக்காவிட்டால் முழு நிம்மதி என்று சொல்ல முடியாது, ஆனால் கறுத்தால் சந்தேகமே வேண்டாம். கிராமங்களுக்குக் கொடுக்கும் களப் பரிசோதனைப் பெட்டிகளில் இன்றைக்கும் இந்தப் பாட்டில் இருக்கிறது. கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும்.

இங்கே முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணே, இந்தப் பெட்டி பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லுமா?" கேட்ட தங்கச்சி யாரென்று சொல்லவில்லை, பால்காரர் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாலைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியுமா? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா அது. பாலும் சர்க்கரையும்தான், வேறென்ன. பாலில் தண்ணீர் கூடினால் கிண்டும் நேரம் கூடும், விறகு கூடும், கடைசியில் கிடைக்கும் கோவா குறையும். கிண்டுகிறவரை எந்தப் பால்காரரும் ஏமாற்ற முடியாது. வீட்டில் நாம் கிண்டிப் பார்க்க முடியாது, அதனால்தான் கருவி தேடுகிறோம்.

பழைய கருவி லாக்டோமீட்டர். மிதக்கும் கண்ணாடிக் குழாய். பாலின் அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 1.03 மடங்கு. தண்ணீர் கலந்தால் குறையும். ஆனால் பாலேட்டை எடுத்தால் அடர்த்தி கூடும், ஏனென்றால் கொழுப்பு லேசானது. ஏட்டையும் எடுத்து, தண்ணீரையும் ஊற்றினால் இரண்டும் சரிக்கட்டி லாக்டோமீட்டர் ஒழுங்காக மிதக்கும். தம்பிகளின் கம்பியைப் பாலில் விட்டால்? பாலிலும் உப்பு உண்டு, மின்சாரம் கடத்தும். தண்ணீர் கலந்தால் கடத்துதிறன் குறையும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் மறுபடி ஏறிவிடும். அதுமட்டுமில்லை, மாட்டுக்கு மடிநோய் வந்தால் பாலில் உப்பு தானாகவே கூடும். பெரிய பண்ணைகளில் கடத்துதிறனைப் பார்த்தே நோயைச் சந்தேகிக்கிறார்கள். அதனால் எண் குறைந்தால் பால்காரர் திருடர் என்றோ, கூடினால் யோக்கியர் என்றோ இந்தப் பெட்டியை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது. ஒருவருடைய பிழைப்பு சம்பந்தப்பட்டது.

சரியான வழி ஒன்றைச் சென்னை ஐஐடியில் செய்திருக்கிறார்கள். 2023-இல் அறிவித்தார்கள். பேராசிரியர் பல்லப் சின்ஹா மஹாபாத்ராவும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களும் செய்தது. முழுவதும் காகிதம். மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு, நடுவில் பால் பரவுவதற்கான அடுக்கு. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வேதிப்பொருளை ஊறவைத்துக் காயவிட்டிருக்கிறார்கள். ஒரு மில்லி பால் போதும். யூரியா, சோப்பு, டிடர்ஜென்ட், ஸ்டார்ச், ஹைட்ரஜன் பெராக்சைடு, சோடா உப்பு, சாதா உப்பு ஆகியவற்றில் எது கலந்திருந்தாலும் அதற்கான இடம் 30 நொடியில் நிறம் மாறும். பேட்டரி இல்லை, கம்பி இல்லை. ஏழு கேள்விக்கு ஏழு இடம். பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, சிப்பும் போன் ஆப்பும் இருந்தால்தான் சென்சார் என்று நினைக்காதீர்கள். வீட்டு மஞ்சள் சோப்புப் பட்டால் சிவக்கிறதே, அதுவும் ஒரு சென்சார்தான்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். ஆர்ஓ.

நமக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது? நகராட்சித் தண்ணீர் ஒன்று. மலையிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்த்து நம் ஊருக்குக் கொடுத்தார்கள், தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரும் இப்போது சேர்ந்திருக்கிறது. மலைத் தண்ணீரில் உப்பு இயற்கையாகவே குறைவு. இரண்டாவது நம் போர். பாறைக்குள் பல வருஷம் தங்கி ஊறிய தண்ணீர், சுண்ணாம்பும் உப்பும் கரைந்து வரும். மூன்றாவது கோடையில் லாரி. இந்த மூன்றையும் நாம் ஒரே சம்ப்பில் விடுகிறோம்! மலைத் தண்ணீரில் போர்த் தண்ணீரைக் கலந்து உப்பாக்கி, அந்த உப்பை எடுக்க ஆர்ஓ வைக்கலாமா என்று ஓட்டெடுக்கிறோம். மன்னிக்க வேண்டும், எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

ஆர்ஓ என்ன செய்யும்? உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எடுத்துவிடும். ஃபுளோரைடு, நைட்ரேட், ஈயம் எல்லாம் பெரும்பாலும் போய்விடும். போரில் அவை வரம்பு மீறி இருந்தால் ஆர்ஓ அவசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் விலை தண்ணீரில் கொடுக்க வேண்டும். சாதாரண வீட்டு ஆர்ஓ நான்கு லிட்டர் எடுத்தால் ஒரு லிட்டர்தான் குடிக்கத் தரும், மூன்று லிட்டர் கழிவுக் குழாயில் போகும். 48 வீடு, வீட்டுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் தினம் குடிக்க 480 லிட்டர், கழிவில் 1,440 லிட்டர். பெரிய இயந்திரம் என்றால் வீணாவது குறையும், இல்லாமல் போகாது. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்ஓ வேண்டாம், வைக்கும் இடத்தில் 60 சதவீதத் தண்ணீராவது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது இந்தக் காரணத்தால்தான். 500 என்பது நம் தரத்தில் உகந்த அளவு. வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி உண்டு.

நான் சங்கத்திடம் கேட்பது, லேப் ரிப்போர்ட் வரும் வரை ஓட்டெடுப்பைத் தள்ளிப்போடுங்கள். மூன்று மாதிரி போதும். நகராட்சி இணைப்பு சம்ப்புக்குள் விழும் இடத்தில் ஒன்று, போர் மோட்டார் வாயில் ஒன்று, கடைசி பிளாக்கின் மேல்மாடிச் சமையலறைக் குழாயில் ஒன்று. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துத் தருவார்கள். முதல் மாதிரி நன்றாக இருந்து மூன்றாவது கெட்டிருந்தால் குற்றம் நம் தொட்டியில். அதற்கு மருந்து ஆர்ஓ இல்லை, ப்ரஷும் பிளீச்சிங் பவுடரும். முதலாவது நல்லது, இரண்டாவது உப்பு என்று வந்தால் சமையலறைக்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் போட வேண்டும், போர்த் தண்ணீர் குளிக்கவும் கழிப்பறைக்கும் போகட்டும். பிளம்பர் செலவு ஒரு தடவைதான், ஆர்ஓ சவ்வு மாற்றும் செலவு வருஷா வருஷம். நகராட்சித் தண்ணீரே தரத்துக்குள் இல்லை என்று வந்தால், அன்றைக்கு ஆர்ஓவுக்கு நானே முதல் கையைத் தூக்குகிறேன்.

ரிப்போர்ட் ஒரு நாள் நிலைமையைத்தான் சொல்லும். மற்ற நாட்களுக்குத்தான் தம்பிகளின் பெட்டி. இதை நல்ல தண்ணீரா கெட்ட தண்ணீரா என்று கேட்க வேண்டாம். நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டார் போடும் அண்ணாச்சி தினம் காலை அதே நேரத்தில், அதே குழாயில், அதே மீட்டரில் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். எண் திடீரென்று ஏறினால் யாரோ போர் வால்வைத் திறந்துவிட்டார்கள், அல்லது லாரி வேறு கிணற்றில் ஏற்றி வந்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் சம்ப்பின் எண் மாறினால், கலங்கலும் கூடினால், வெளித் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அன்றே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், காய்ச்சிக் குடியுங்கள் என்று குழுவில் செய்தி போட வேண்டும். அதோடு குளோரின். நகராட்சி ஊழியர்கள் குழாயடியில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்ப்பார்களே, அந்தச் சின்னக் குளோரோஸ்கோப் ஒன்று வாங்கிவிடலாம். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மீதிக் குளோரின் இருந்தால் வழியில் கிருமி பெருகவில்லை என்று ஓரளவு தைரியமாக இருக்கலாம். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். பெட்டியில் உள்ள எல்லாக் கம்பியையும் விட எனக்கு இந்த மஞ்சள் நிறத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். தம்பிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாதிரி எடுக்க முன்வருபவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. உப்புப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேன், குளிர்பான பாட்டில் வேண்டாம். எந்தத் தண்ணீரை எடுக்கிறோமோ அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். எவ்வளவு வேண்டும் என்று லேபிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிப் பரிசோதனைக்குப் பாட்டிலை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருப்பார்கள், அதை அலசிக் கொட்டிவிடாதீர்கள். குழாயை இரண்டு நிமிடம் திறந்து விட்டபிறகு பிடியுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. வேலைநாளில் காலை ஏழு மணிக்கு எடுத்துக்கொண்டு விருதுநகர் கிளம்பக்கூடிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நான். இன்னொருவர் கார் வைத்திருப்பவராக இருந்தால் நல்லது.